இரவல் சேலையும் சிவப்புக் கம்பளமும்

[காட்சி: சுங்கை சிப்புட் கடைத்தெரு. மழை விட்ட மாலை. அஞ்சடி நடைபாதையை ஒட்டிய சின்னத் தையல் கடை, கதவோரம் ஒரு பழைய மிஷின்.]

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் கொடுங்க."

தையல்கார அக்கா நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கி, அந்தப் பெண் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். கம்பளத்தின் மேல் ஒரு நடிகை. தோளில் துணி இல்லை, கை இல்லை. பின்னால் மட்டும் மூன்று முழம் தரையில் கிடக்கிறது. அக்கா படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கிற படம் இருக்கா?"

[தலைப்பு]

வணக்கம். மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. ஜனவரியில் கோல்டன் குளோப், பிப்ரவரியில் கிராமி, பாஃப்டா, மார்ச்சில் ஆஸ்கார் என்று அங்கே விருது சீசன் ஓடும் அதே நேரத்தில்தான் இங்கே தை பிறந்து கல்யாண சீசன் ஓடுகிறது. ஞாயிறு இரவு அமெரிக்காவில் எடுத்த படம், திங்கட்கிழமை மத்தியானம் அக்கா கடை மேசைக்கு வந்துவிடும். கையில் மூன்று மீட்டர் சாட்டின் துணியோடு.

அக்கா கேட்டது கிண்டலுக்கு அல்ல. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், விருது விழா வாசலில் விரிக்கும் சிவப்புக் கம்பளத்தின் கதை முழுக்க வெளியே வந்துவிடுகிறது.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

முதல் ஆஸ்கார் விழா 1929 மே 16ஆம் தேதி, ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. விருது கொடுத்து முடிக்க 15 நிமிடம்தான் ஆனது. நம் ஊர் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுக்க இதைவிட நேரம் ஆகும். கம்பளமும் கிடையாது, கேமரா வரிசையும் கிடையாது. 1953இல்தான் விழா தொலைக்காட்சியில் வந்தது. 1961இல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். ஆனால் வண்ண ஒளிபரப்பு வந்தது 1966இல். ஆக, ஐந்து வருஷம் அந்தச் சிவப்பு, வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சாம்பலாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் நடிகைகளுக்கு உடை பற்றிய கவலை பெரும்பாலும் ஸ்டூடியோவுடையது. ஸ்டூடியோவிலேயே தையல் கூடம் இருந்தது, அதற்கு ஒரு தலைமை வடிவமைப்பாளர் இருந்தார். ஈடித் ஹெட் என்ற அம்மையார் பெயரைக் கேட்டிருப்பீர்கள். உடை வடிவமைப்புக்காக மட்டும் 8 ஆஸ்கார் வாங்கியவர். படத்துக்குத் தைத்த கைகளே விழாவுக்கும் தைத்தன. ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்த பிறகு அவரவர் பாடு அவரவருக்கு. சிலர் கடையில் வாங்கினார்கள், சிலர் தெரிந்தவர்களிடம் தைத்தார்கள். சிலர் போட்டு வந்ததைப் பார்த்தால் தைத்தவர் மேல் கோபம் வரும்.

அந்த இடைவெளியில்தான் இத்தாலிக்காரர் ஜார்ஜியோ ஆர்மானி நுழைந்தார். 1980களில் ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே ஆள் வைத்து, நடிகர் நடிகையரைத் தேடிப்போய் உடுத்திவிட்டார். 1990 விழா முடிந்ததும் ஃபேஷன் தொழில் பத்திரிகை ஒன்று அதை 'ஆர்மானி விருதுகள்' என்றே எழுதியது. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? அன்று தொடங்கிய வரிசை இன்றுவரை நிற்கவில்லை.

இங்கேதான் முக்கியமான விஷயம். கம்பளத்தில் நீங்கள் பார்க்கும் உடை பெரும்பாலும் அந்த நடிகையுடையது அல்ல. இரவல்.

[காட்சி: அக்கா கடை அலமாரி. பெயர் எழுதிய துண்டுச் சீட்டு குத்திய ரவிக்கைகள்.]

இரவல் நமக்குப் புதுசா என்ன? தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் அட்டிகை இருந்தால் அது பத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்திருக்கும். என் பாட்டி கல்யாணப் படத்தில் கழுத்தில் கிடப்பது கங்காணி வீட்டுச் சங்கிலி. மறுநாள் விடிவதற்குள் மஞ்சள் துணியில் முடிந்து திருப்பிக் கொடுத்தார்களாம். ஹாலிவுட்டிலும் கதை இதேதான், தொகைதான் வேறு. 1944 ஆஸ்காரில் ஜெனிஃபர் ஜோன்ஸுக்கு ஹாரி வின்ஸ்டன் என்ற வைர வியாபாரி நகை இரவல் கொடுத்தார். அந்தப் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 2019இல் பாடகி லேடி காகா கழுத்தில் தொங்கிய டிஃபனி மஞ்சள் வைரம் 128.54 காரட். அதுவும் இரவல்தான்.

உடை எப்படி வருகிறது என்றால், பாரிஸிலோ மிலானிலோ மேடையில் காட்டிய மாதிரி உடை பெட்டியில் ஏறும். மாடல் பெண்ணின் ஒல்லி உடம்புக்குத் தைத்தது அது. நடிகையின் ஸ்டைலிஸ்ட் அப்படிப் பத்து இருபது உடைகளை வரவழைத்து, போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பிறகு தையற்காரர் உட்கார்ந்து பிடிப்பார், இறக்குவார், ஊசி குத்துவார். பெரிய நட்சத்திரமாக இருந்தால் அவர் அளவுக்கே புதிதாகத் தைப்பார்கள். உடம்பு அந்த மாதிரி அளவுக்கு ஒத்துவராத நடிகைக்கு? 2014இல் மெலிசா மெக்கார்த்தி வெளிப்படையாகவே சொன்னார்: ஆஸ்காருக்காக ஐந்தாறு வடிவமைப்பாளர்களைக் கேட்டும் ஒருவரும் தைத்துத் தர முன்வரவில்லை. அவர் அந்த விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகை! எங்கள் அக்கா இன்றுவரை அளவைப் பார்த்து ஒருத்தரையும் திருப்பி அனுப்பியதில்லை. துணி போதாவிட்டால் "இன்னும் அரை மீட்டர் வாங்கிட்டு வா" என்பார், அவ்வளவுதான்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? அந்த கவுனை வாங்கப் போகிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணலாம். ஆனால் அதே பெயர் போட்ட வாசனைத் திரவியமும் லிப்ஸ்டிக்கும் கைப்பையும் விமான நிலையக் கடை வரைக்கும் வரும். காசு அங்கே இருக்கிறது. பல நடிகைகள் அந்தக் கம்பெனிகளோடு ஒப்பந்தமே போட்டிருப்பார்கள், போட்டுக்கொண்டு வருவதற்குச் சம்பளம். கங்காணி வீட்டில் சங்கிலியும் கொடுத்து மேலே காசும் கொடுத்தது போல!

2015 ஆஸ்காருக்கு நடிகை லுபிடா நியோங்கோ 6,000 முத்து பதித்த வெள்ளை உடையில் வந்தார். விழா முடிந்து அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறையிலிருந்து அது திருடு போய்விட்டது. மதிப்பு 150,000 டாலர் என்று செய்தி. சில நாளில் அதே ஹோட்டலில் திரும்பக் கிடைத்தது. முத்து நிஜமா போலியா என்று ஊரெல்லாம் பேச்சு. நான் நினைத்துக்கொண்டது வேறு: இரவல் வாங்கியவள் வயிறு அன்றைக்கு எப்படிக் கலங்கியிருக்கும்!

[காட்சி: மேசை மேல் உள்பக்கம் திருப்பிப்போட்ட கவுன். அக்காவின் கை மட்டும்.]

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். என் தங்கச்சி தோழியின் கல்யாண விருந்துக்கென்று ஆன்லைனில் 180 வெள்ளிக்குத் தோளில்லாத கவுன் ஒன்றை வாங்கினாள். படத்தில் ராணி. டேவான் மண்டபத்தில் அன்று இரவு முழுக்க ஒரு கையில் கைப்பை, மறு கையில் நெஞ்சுத் துணி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே இழுத்தாள். பொண்ணு மாப்பிள்ளையோடு படம் எடுக்கும்போது கையைத் தூக்க முடியாமல் வாழ்த்தினாள்.

மறுநாள் அக்கா அதை உள்பக்கம் திருப்பி மேசையில் போட்டார். விரலால் நீவிக்கொண்டே, "உள்ளே ஒண்ணுமே இல்லையே. எது பிடிச்சு நிறுத்தும்?" என்றார்.

தோளில்லாத உடை நெஞ்சில் நிற்பதாக நாம் நினைக்கிறோம். அது நிற்பது இடுப்பில். நல்ல கவுனின் உள்ளே, இடுப்பு மட்டத்தில் ஓர் அங்குல அகலத்துக்கு முரட்டு ரிப்பன் ஒன்று சுற்றிவரும். முதலில் அந்த ரிப்பனை இழுத்துக் கொக்கி மாட்டுவார்கள், பிறகுதான் ஜிப்பை ஏற்றுவார்கள். உடையின் பாரம் முழுக்க அந்த ரிப்பனில் இறங்கிவிடும். மேலே, தையல் கோடுகளுக்குள் ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய கம்பிகள் நிற்கும், துணி மடங்கிச் சரியாமல் இருக்க. இப்போது பிளாஸ்டிக்கோ இரும்போ வைக்கிறார்கள், ஒரு காலத்தில் திமிங்கல வாயிலிருந்து எடுத்தது.

"சேலை தோளிலேயா நிக்குது? பாவாடை நாடாவிலேதானே" என்று அக்கா சொன்னபோது எனக்கு ஒரு நொடி பேச்சு வரவில்லை. அம்மாவும் அத்தையும் எத்தனை வருஷமாகச் சேலை கட்டுகிறார்கள், நான் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

ஆனால் இவ்வளவும் நிற்பதற்குத்தான். உட்கார்ந்தால் கம்பி விலாவில் குத்தும், ரிப்பன் வயிற்றை அறுக்கும். 2019இல் நியூயார்க்கின் மெட் காலா என்ற ஃபேஷன் விருந்துக்கு டிவி நட்சத்திரம் கிம் கர்தாஷியன் போட்டிருந்த உடையில், பாதிதான் உட்கார முடியும் என்று அவரே சொன்னார். அது விருது விழா இல்லைதான், ஆனாலும் அதே கம்பளம், அதே கணக்கு: கேமராவுக்கு முன்னால் நடை, நிற்பு, திரும்பல். நம் கல்யாண விருந்திலோ எட்டு வகைச் சாப்பாடு வரும், சின்னப் பிள்ளையைத் தூக்க வேண்டும், ஃபேன் சுழன்றாலும் வேர்க்கும். அவர்கள் மார்பில் துணியை ஒட்டவைக்கும் இருபக்கப் பசை டேப், எங்கள் வேர்வைக்கு அரை மணி நேரம் தாங்காது.

[காட்சி: போன் திரை, தேடல் பெட்டி]

ஒரு இடைச்செருகல். 2000 பிப்ரவரி கிராமி விழாவில் பாடகி ஜெனிஃபர் லோபஸ் வெர்சாச்சே கம்பெனியின் பச்சை உடையில் வந்தார். அந்தப் படத்தைத் தேடி ஜனங்கள் கூகுளில் குவிந்தார்கள், ஆனால் அப்போது எழுத்துதான் கிடைக்கும், படம் வராது. மறுவருஷம் படத் தேடல் வந்தது. அதற்கு இந்த உடையும் ஒரு காரணம் என்று கூகுள் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட் பின்னால் எழுதினார். அக்கா கடைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வரும் பழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

[காட்சி: ஈப்போ சாலைப் பலகை]

எங்கள் பக்கத்து ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஈப்போவில் பிறந்த மிஷல் யோ 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்காரை வாங்கினார், ஆசியப் பெண்களில் முதல் ஆள். டியோர் கம்பெனியின் வெள்ளை கவுன். இங்கே திங்கட்கிழமை காலை, அவர் அம்மா கோலாலம்பூர் சினிமா அரங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், 1961க்குப் பிறகு முதல்முறையாக அந்த வருஷம் கம்பளம் சிவப்பாக இல்லை. ஷாம்பெயின் நிறத்தில் விரித்துவிட்டார்கள்.

[காட்சி: இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில்]

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்பார்களே, அந்தப் பழமொழிக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு அம்மா இருக்கிறார். ரீட்டா மொரேனோ. 1962இல் சிறந்த துணை நடிகை விருது வாங்கியபோது அவர் போட்டிருந்தது மணிலாவில் தைத்தது. பாவாடைப் பகுதி, ஜப்பானியர்கள் கிமோனோ மேல் இடுப்பில் கட்டும் ஒபித் துணி. கம்பெனிப் பெயர் கிடையாது, திருப்பிக் கொடுக்க ஆளும் கிடையாது. அதனால் அது அவர் அலமாரியிலேயே கிடந்தது. 2018 ஆஸ்காருக்கு, 86 வயதில், அதையே போட்டுக்கொண்டு வந்தார், மேல் பகுதியை மட்டும் மாற்றி. இடையில் 56 வருஷம்.

இரண்டு படத்தையும் அக்காவிடம் காட்டினேன். இந்த முறை உட்கார்ந்த படம் கேட்கவில்லை. இடுப்புப் பக்கத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல துணி. உள்ளே ரெண்டு இன்ச் விட்டுத் தைச்சா எந்த வயசிலேயும் பிரிச்சுத் தைக்கலாம்."

பிறகு அளவு நோட்டைத் திறந்தார். அன்று மாலை போனைக் காட்டிய பெண்ணின் பக்கம். தோளில்லாத மேல்பாகம் என்று எழுதியிருந்ததை அடிக்காமல் விட்டார். அதற்குக் கீழே பென்சிலால் சேர்த்தார்: இடுப்பு ரிப்பன், பக்கத் தையல் இரண்டு இன்ச், பின்னால் தரையில் கிடக்கும் மூன்று முழத்துக்குக் கொக்கி — சாப்பிடும்போது மடித்து மாட்டிக்கொள்ள.