உங்கள் கயிறு தண்ணீரில் மிதக்கிறதா? அப்படியென்றால் அதை நம்பி மரம் ஏறாதீர்கள்!

[காட்சி: ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் இரண்டு கயிற்றுத் துண்டுகள்.]

இந்த இரண்டு கயிற்றையும் பாருங்கள். ஒன்று நீலம், மற்றது வெள்ளை. கடையில் இரண்டையும் நாங்கள் ‘நைலோன் கயிறு’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இப்போது இரண்டையும் நன்றாக நனைத்து, கசக்கி, காற்றுக் குமிழி போனதும் தண்ணீருக்குள் விடுகிறேன். வெள்ளை அடிக்குப் போய்விட்டது. நீலம் மிதக்கிறது.

மிதக்கிற இந்த நீலக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான், போன மாரிக்கு முன்னர் எங்கள் வளவு வேம்பில் ஒருவர் கிளை வெட்ட ஏறினார். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கயிறு என்னவென்று தெரிந்த பிறகு எனக்கு இரண்டு நாள் சரியாக நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளியிலிருந்து பேசுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி பிறந்தால் இங்கே மழையும் வாடைக்காற்றும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் நம் கரையில் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முன்னர் கூரைக்கு மேலே சாய்ந்த மா, வேம்பு, வாகைக் கிளைகளை வெட்ட ஆள் தேடுகிறோம். வருகிறவர் வெறுங்காலோடு, ஒரு கத்தியோடு, ஒரு கயிற்றோடு ஏறுகிறார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரைக்கு வர ஏறக்குறைய 1.4 விநாடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். சரி, விசயத்துக்கு வருவோம்.

[காட்சி: தளைநார், மிக அருகில்.]

இது தளைநார். மூதூர்ப் பக்கத்தில் பனை ஏறுகிற ஒரு ஐயா தந்தார். கையில் எடுத்தால் பாரமே இல்லை. கால் படுகிற இடம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று, எண்ணெய் பூசியது போல மின்னுகிறது. இரண்டு பாதத்திலும் இதை மாட்டி, பாதங்களால் மரத்தை இரண்டு பக்கமும் அணைக்கிறார். உடம்புப் பாரம் கீழே அழுத்தும்போது நார் இறுகி மரப்பட்டையைக் கவ்வுகிறது. கையால் மரத்தைக் கட்டிப்பிடித்து முழங்காலை மேலே இழுத்தால் பாரம் விலகி நார் தளர்கிறது. பாரம் வந்தால் பிடி, பாரம் போனால் விடு. அவ்வளவுதான்.

இப்போது இதைப் பாருங்கள்.

[காட்சி: தொங்கும் தடித்த கயிறு. அதில் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைச் சுற்றுகிறார்.]

இது புரூசிக் முடிச்சு. கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் இதை விளக்கி எழுதினார். மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, தன் வளையத்துக்குள்ளேயே இழுத்து விடுகிறேன். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வளையல் அடுக்கியது போல இருக்க வேண்டும். கையால் முடிச்சை மேலே தள்ளுகிறேன், போகிறது. இப்போது அதில் தொங்குகிறேன். அசையவில்லை! பாரத்தை எடுத்தால் திரும்பவும் நகர்கிறது.

பாரம் வந்தால் பிடி, பாரம் போனால் விடு. நம் தளைநாருடைய அதே கணக்கு! இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு முற்றத்தில் தொங்கிக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தளைநார் காலைப் பிடிக்கிறது, ஆளைப் பிடிக்கவில்லை. குளவி கொட்டி, முசுறு கடித்து, மயக்கம் வந்து கை விட்டால், நார் காலோடு இருக்கும், ஆள் கீழே இருப்பார். புரூசிக்கும் அதன் வழிவந்த முடிச்சுகளும் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய வாரோடு ஆளையே பிடிக்கின்றன. கை இரண்டையும் விட்டாலும் அங்கேயே இருப்பார்.

இனி நீலக் கயிறு. அது பெரும்பாலும் பொலிப்புரோப்பிலீன். தண்ணீரை விட இலேசானது, அதனால் மிதக்கும். வலைக்கும் வள்ளத்துக்கும் அருமையான கயிறு, நம் மீனவர்கள் அதைத் தெரிந்துதான் வாங்குகிறார்கள். ஆனால் ஏறக்குறைய 160 பாகை செல்சியசிலேயே அது உருகிவிடும். பொலியெஸ்டர் 250 பாகை தாண்டும் வரை தாங்கும். அரமிட் என்ற இழை உருகவே உருகாது, கருகத்தான் செய்யும். முடிச்சோடு மளமளவென்று கீழே இறங்கும்போது கயிறும் கயிறும் உரசி எவ்வளவு சூடாகும் என்று நினைக்கிறீர்கள்? தரையோடு நின்று, நீலக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, கையால் வேகமாக ஐந்தாறு தரம் இழுத்துப் பார்த்தேன். இதோ, இந்த இடம். நார் நாராக இருந்தது கண்ணாடி போல இறுகி மினுங்குகிறது. நகத்தால் தட்டினால் ‘டிக் டிக்’ என்கிறது. ஆள் தொங்கவேயில்லை, அதற்குள் இப்படி!

வாளிச் சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். மிதந்தால் அது நைலோன் இல்லை. அமிழ்ந்தால் மட்டும் நல்ல கயிறு என்று அர்த்தமில்லை, மரமேறுவதற்கென்றே செய்து, தாங்கும் பாரம் அச்சிட்ட கயிறுதான் வேண்டும். பொதுவாக 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிப்பில் வரும்.

கயிற்றை மேலே போடும் விதம் எளிது. சிறு பாரப்பை கட்டிய மெல்லிய நூலைக் கவட்டைக்கு மேலே எறிந்து, அதன் பின்னால் பெரிய கயிற்றை இழுப்பார்கள்.

அப்புறம் வருகிறது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ வாளியைத் தூக்கும்போது கப்பி தொங்கும் மரத்தில் விழும் பாரம் எவ்வளவு? ஏறக்குறைய 20 கிலோ. வாளி ஒரு பக்கம் இழுக்கிறது, நீங்கள் மறுபக்கம் இழுக்கிறீர்கள். அதேபோல் கயிற்றைக் கிளைக்கு மேலே போட்டு, ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மறுமுனையில் 70 கிலோ ஆள் ஏறினால், கிளை தாங்குவது 140 கிலோ வரை! இரண்டு முனையும் ஏறுபவரிடமே இருந்தால் கிளைக்கு 70 கிலோதான். கைக்கும் பாதிப் பாரம்தான், ஆனால் ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஆகவே அடிமரத்தில் கட்டுகிற முறைக்குக் கிளையை இரண்டு மடங்கு யோசித்துத் தெரிவு செய்யுங்கள்.

மெசின் வாள் பிடிக்கும்போது கயிற்றோடு இரண்டாவதாக ஒரு இடுப்புப் பட்டியும் மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும். வாள் ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது இருக்கும். மின்கம்பிக்குப் பக்கத்துக் கிளையென்றால் ஏறவே வேண்டாம், மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

முள் வைத்த சப்பாத்து போட்டு ஏறலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அடியோடு வெட்டி விழுத்தப் போகிற மரம் என்றால் சரி. நிற்கப் போகிற மரத்தில் வேண்டாம். தென்னையில் வேண்டவே வேண்டாம். வேம்பு, மாவுக்குப் பட்டைக்கு உள்ளே வளர்படை இருக்கிறது, காயத்தை ஓரத்திலிருந்து மெல்ல மூடிவிடும். தென்னைக்கும் பனைக்கும் அந்தப் படையே கிடையாது. பழைய தென்னைகளில் ஏறுவதற்குக் கொத்திய படிகளைப் பாருங்கள். தாத்தா கொத்திய படி பேரன் காலத்திலும் அப்படியே திறந்து கிடக்கும்.

கடைசியாக ஒன்று. தனியே ஏறாதீர்கள். வாரில் அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் இரத்தம் தேங்கி, நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். கீழே நிற்பவருக்கு ஏறவும் தெரிய வேண்டும், கையில் இன்னொரு கயிறும் இருக்க வேண்டும். சர்வதேச மரமேறும் போட்டியில் மேலே மாட்டிக்கொண்டவரை இறக்குவது ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது.

[காட்சி: மூதூர் ஐயா வாரை மாட்டிக்கொண்டு, முற்றத்து வேம்பில் ஒரு முழ உயரத்தில் தொங்குகிறார்.]

ஐயாவை முதல் தரம் தொங்கவிட்டபோது ஐந்து நிமிடம் கையை விடவே மாட்டேன் என்றார். பிறகு ஒரு கையை விட்டார். பிறகு மற்றதையும். “தம்பி, இது தளைநார்தான், இடுப்புக்கு ஏறியிருக்கு” என்றார்.

உங்கள் ஊரில் தளைநாருக்கு என்ன பெயர், எதில் செய்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். வாளிச் சோதனையில் உங்கள் கயிறு மிதந்ததா, அமிழ்ந்ததா என்பதையும் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன். அடுத்த வீடியோவில் அந்த வேம்பின் கிளையை, பட்டை உரியாமல், மூன்று வெட்டில் இறக்கிக் காட்டுகிறேன்.