கூடி வாழ்ந்தால் கோடி நன்மை: பள்ளி அறிவியல் மன்றத் தொடக்க விழா உரை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்து தந்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியனை மறக்காமல் அழைத்த அன்புக்கு நன்றி.

பாலிமர் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்: பாலித்தீன், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பார்கள். பாலிமரும் அப்படித்தான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலியாகின்றன. எப்படிக் கூடுகின்றன என்பதில்தான் விஷயம். பால் கவரைக் கசக்கினால் துணி போல மடங்குகிறது. எண்ணெய் வாங்கும் வெள்ளைக் கேன் விறைப்பாக நிற்கிறது. இரண்டுமே பாலித்தீன்தான். கேனில் சங்கிலிகள் விளக்குமாற்றுக் குச்சிகள் போல நெருங்கிப் படிந்திருக்கும். கவரில் சங்கிலிக்குக் கிளைகள் உண்டு. கருவேல முள்ளைக் கட்டினால் இடையிடையே சந்து விழுமே, அதுபோல. அதனால்தான் இளகிக் கொடுக்கிறது.

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். நடந்த கதை ஒன்று.

1967, டோக்கியோ. ஹிடேக்கி ஷிராகாவா என்ற இளம் ஆய்வாளர். அசெட்டிலீன் வாயுவைப் பாலிமராக்கும் வேலை. வழக்கமாகக் கிடைப்பது கறுப்புத் தூள். ஒருநாள் அவரோடு வேலை பார்த்த ஒருவர் சோதனை செய்யும்போது, வினையை வேகப்படுத்தும் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார். ஆயிரம் மடங்கு! சாம்பாரில் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்குப் பதில் டப்பா டப்பாவாகக் கொட்டினால் எப்படி இருக்கும்? வீட்டில் என்ன செய்வோம்? சட்டியோடு கவிழ்ப்போம். ஆனால் கரைசலின் மேலே பாலாடை போல ஒரு சவ்வு, வெள்ளி மாதிரி மின்னியது. ஷிராகாவா கவிழ்க்கவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று வருஷக்கணக்கில் அதையே தொடர்ந்தார். டோக்கியோ வந்திருந்த, அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலாளர் ஆலன் மக்டியார்மிட், கருத்தரங்கில் காபி இடைவேளையில் இந்தச் சவ்வைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவரை அமெரிக்காவுக்கே அழைத்துக்கொண்டார். அங்கே இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் சேர்ந்தார். சவ்வுக்கு அயோடின் ஆவி காட்டினார்கள். மின்கடத்தும் திறன் எத்தனை மடங்கு கூடியது தெரியுமா? ஒரு கோடி மடங்கு! மூவர் கூடினார்கள், கோடி நன்மை! 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு.

அந்தச் சவ்வின் பாலிமர்ச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அயோடின் சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்கிறது. பேருந்தில் ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவாரே, அப்படி மிச்ச எலக்ட்ரான்கள் நகர்கின்றன. அதுதான் மின்னோட்டம்.

பெரியோர்களே, அந்தத் தவறு நடக்க ஆய்வகம் திறந்திருந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வகச் சாவி பதினோரு மாதம் பீரோவில் கிடக்கும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் வெளியே வரும். குடுவைக்குள் சிலந்தி வலை. கேட்டால், "பிள்ளைங்க உடைச்சிடுவாங்க சார்" என்பார்கள். உடையட்டும்! திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் குழாயைப் பிடிக்கத் தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேர்வறையில் அழுததைப் பார்த்தவன் நான்.

ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு நாள் ஆய்வகம் திறந்திருக்க வேண்டும். இதே கோரிக்கையோடு ஊர் ஊராகப் போகிறேன். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பெற்றோர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கேட்டால் நடக்காது, கூடிக் கேளுங்கள்.

பிள்ளைகளே, வெள்ளைப் பசையும் வெண்காரக் கரைசலும் கொண்டுவந்திருக்கிறேன். கலந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு, பசை கையில் இழுபடும். கூட்டம் முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் வாருங்கள், பக்கத்தில் வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன்.