மலைக்கடையில் ஒரு திராட்சைக் கல்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்க் கடைகளில் வர்க்கிக்கும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் நடுவே இப்போது கற்களும் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்று பார்த்தவுடன் கையை இழுக்கும்: திராட்சைக் குலை போல உருண்டைகள் நெருங்கிப் புடைத்து நிற்கும் கால்சிடனி என்ற குவார்ட்ஸ் வகைக் கல். இந்த மலையிலேயே கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நீலகிரி சார்னோக்கைட் பாறையால் ஆன மலை. பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறும்போது, சாலைக்காக வெட்டிய சரிவுகளில் கரும்பச்சையாக, எண்ணெய்ப் பளபளப்போடு தெரிவது அதுதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை. கால்சிடனிக் குலை வளர அதற்குள் வெற்றிடம் ஏது?

அந்த வெற்றிடம் தக்காணத்தில் இருந்தது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருகி ஓடிய எரிமலைக் குழம்பு ஆறியபோது, அதில் சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றுவிட்டன. பின்னர் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸுக்கு மூலமான பொருள், கரைந்த நீர் அந்தப் பொந்துகளுக்குள் கசிந்தது. சுவரில் ஒரு புள்ளியில் சிலிக்கா படியத் தொடங்கியதும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் அங்கிருந்து எல்லாத் திசையிலும் நீண்டன. எல்லாம் ஒரே அளவு நீண்டதால் அரைக்கோளம் பிறந்தது. பக்கத்துப் புள்ளியிலும் அப்படியே. இரண்டும் வளர்ந்து முட்டிக்கொண்ட இடம்தான் உருண்டைகளுக்கு நடுவே நாம் காணும் பள்ளம். உளி படாமல் இப்படி ஒரு வடிவம் அமைந்ததை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

மகாராஷ்டிரத்தின் ஜல்காவ், நாசிக் பகுதிகளிலிருந்து இத்தகைய கற்கள் வருகின்றன. ஊதா நிறக் குலைகள் பெரும்பாலும் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவைச் சேர்ந்தவை. நம்மவர்களுக்கும் இந்த இனம் புதிதல்ல. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த, சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லால் ஆன மணிகளும் கால்சிடனிதான்.

ஆகவே வாங்கும்போது ஊர்ப்பெயரைக் கேளுங்கள். அதைச் சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். பிறந்த இடம் தெரியாத மாதிரிக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பு பாதிதான். கத்தி முனையால் அடிப்பக்கத்தை மட்டும் கீறிப் பாருங்கள். கால்சிடனியில் கீறல் விழாது. இதே உருவில் வரும், அதைவிட மென்மையான ஃபுளோரைட் என்ற கனிமத்தில் விழும். நிறம் அளவுக்கு மீறி அடர்ந்திருந்தால் நகப்பூச்சு நீக்கியில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் சாயம் ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம். ஊதாக் கல்லை வெயில் விழும் ஜன்னலில் வைக்காதீர்கள், நிறம் வெளுத்துவிடும். தூசிக்கு மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

நன்றி, வணக்கம்.