போகும்போது 7 மணி நேரம், வரும்போது 20 மணி நேரமா? கோலாலம்பூர் – லண்டன் பயணக் கணக்கு

[காட்சி: பந்திங். செம்பனை வரிசைகளுக்கு மேலே, சிப்பாங் பக்கம் தாழ்ந்து செல்லும் விமானம்.]

குரல்: கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்குக்கு அருகே, பந்திங்கில் இருப்பவர்களுக்கு விமானம் அதிசயமன்று. ஆயினும், லண்டனுக்குப் படிக்கப் போகும் பேத்தியின் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் தாத்தாவுக்குக் குழப்பம் வந்துவிடுகிறது.

[காட்சி: மேசைமேல் ஜூன் மாத மாதிரி டிக்கெட்.]

குரல்: இரவு 11.00 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறுபவர், மறுநாள் காலை 6.00 மணிக்கு லண்டனில் இறங்குகிறார். திரும்பும்போது காலை 11.00 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 7.00 மணிக்குத்தான் இங்கே வந்து சேர்கிறார். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும் என்பதை மறந்தால், போக 7, வர 20 என்றுதான் கணக்கு வரும். ஜூனில் லண்டன் நம்மைவிட 7 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், போகும்போது அதைக் கூட்டினால் 14, வரும்போது கழித்தால் 13. குளிர்காலத்தில் இந்த இடைவெளி 8 மணி நேரமாகிவிடும்.

நம் கடிகாரமும் ஒருமுறை நகர்ந்ததுதான். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டில் ஓடிய பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும்.

[காட்சி: உலக உருண்டை, அதன்மேல் இழுத்துப் பிடித்த பூக்கட்டும் நூல்.]

குரல்: இனி, தூரம். தட்டையான வரைபடத்தில் கோடு போடாமல், உருண்டையின்மேல் கோலாலம்பூரிலிருந்து லண்டன் வரை நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது வங்கக் கடலைக் கடந்து, வட இந்தியா, காஸ்பியன் கடலின் வடபகுதி, உக்ரைன் வழியாகச் செல்லும்; நீளம் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பயணம் இது.

ஆனால் நூல் போகும் வழியெல்லாம் விமானம் போக முடியாது. 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி முழுவதுமே பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. சுற்றிப் போவதால் தூரம் கூடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது.

[காட்சி: லங்காட் ஆறு, நீரோட்டத்தை எதிர்த்து வரும் சம்பான் படகு.]

குரல்: அப்படியானால் போக 14, வர 13 ஏன்? 10 கிலோமீட்டர் உயரத்தையொட்டி, மேற்கிலிருந்து கிழக்காகச் சில இடங்களில் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டி வீசும் காற்றோட்டம் உண்டு. ஆற்றை எதிர்த்து வரும் இந்தச் சம்பானைப் போல, லண்டனுக்குப் போகும் விமானம் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. காற்று ஓங்கிய நாள்களில் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு முன்பே விமானம் தரையிறங்குவதும் உண்டு. ஆகவே, பேத்தியை அழைத்துவரப் போகிறவர் புறப்படுவதற்கு முன் அன்றைய வருகை நேரத்தைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.