சிலுவையின் முனையைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஐரோப்பாவின் கேடயங்களிலும் கொடிகளிலும் வரும் சிலுவைகளைப் பற்றிப் பேசப் போகிறேன், சுற்றி வளைக்காமல் நேராக 1188ஆம் ஆண்டுக்குப் போய்விடுவோம். ஜிசோர் என்ற ஊரில் பிரான்சு மன்னர், இங்கிலாந்து மன்னர், ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பிரபு மூவரும் கூடி, சிலுவைப் போருக்குப் போவதென்று முடிவு செய்கிறார்கள். மூவருடைய படையும் உடையில் சிலுவையைத்தான் அணியப் போகிறது. அப்புறம் எவன் எந்தப் படை என்று எப்படித் தெரியும்? பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிவப்பு, ஆங்கிலேயர்களுக்கு வெள்ளை, ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்குப் பச்சை என்று நிறத்தைப் பிரித்துக்கொண்டார்கள். சிவப்புச் சிலுவையைப் பார்த்ததும் இன்று நாம் இங்கிலாந்து என்கிறோம், அன்று அது பிரான்சுடையது!

ஐரோப்பியக் கேடயச் சின்னங்களில் இத்தனை விதச் சிலுவை முளைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் சிலுவை வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுடையது போல இருக்கக் கூடாது. முகத்தை மறைக்கும் தலைக்கவசம் போட்டவனை அவன் கேடயத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். நிறங்களோ கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய அளவுதான். அதனால் வேறுபாடு முழுக்கச் சிலுவையின் முனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு கேடயத்தைப் பார்த்தால் முதலில் முனையைப் பாருங்கள். கைகள் நான்கும் விளிம்பைத் தொட்டு முடிந்தால் அது சாதாரணச் சிலுவை. முனை இரண்டாகப் பிளந்து இருபுறமும் சுருண்டால் மோலின், மாவு அரைக்கும் கல்லின் நடுவில் பொருத்தும் இரும்பிலிருந்து வந்த வடிவம். முனைக்குக் குறுக்கே ஒரு கட்டை வைத்தால் பொட்டன்ட், ஊன்றுகோலின் தலை மாதிரி. ஒவ்வொரு கையும் தானே ஒரு குட்டிச் சிலுவையாக முடிவதும் உண்டு. கீழ்க்கை மட்டும் கூராக இருந்தால் தரையில் குத்தி நிறுத்தலாம் போலத் தோன்றும், அது ஃபிட்சி. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மோலின்தான், கனமான இரும்பை இவ்வளவு நளினமாக வளைத்திருக்கிறார்கள்.

அடுத்து நிற விதி. பொன்னும் வெள்ளியும் உலோகம், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் வண்ணம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது, ஏனென்றால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று கலங்கிவிடும். இதை மீறியதில் பேர்பெற்றது சிலுவைப் போர்க்காரர்கள் அமைத்த ஜெருசலேம் அரசின் சின்னம், வெள்ளிக் கேடயத்தில் பொன் சிலுவைகள். நடுவில் பொட்டன்ட் வடிவில் பெரிய சிலுவை ஒன்று, நான்கு மூலைகளிலும் சின்னஞ்சிறு சிலுவைகள். எல்லா ஊரையும்விட உயர்ந்த ஊர், அதற்கு விதி பொருந்தாது என்று பிற்காலத்தில் விளக்கம் சொன்னார்கள். அழகான விளக்கம்தான்.

கேடயத்தை விட்டுக் கொடிக்கு வந்தால், வடக்கே டென்மார்க்கின் கொடியில் சிவப்பில் வெள்ளைச் சிலுவை, ஆனால் நடுவில் நிற்காமல் கம்பத்தின் பக்கம் ஒதுங்கியிருக்கும். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து எல்லாம் பின்னால் அதே அமைப்பை எடுத்துக்கொண்டன. நம் தரங்கம்பாடியில் 1620இல் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்ததிலிருந்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை டேனியர்கள் இருந்தார்களே, அவர்களுடைய கொடி இதுதான்.

சரி, இப்போது பிரிட்டன் கொடிக்கு வருவோம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். 1606இல் இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவையையும் நீலத்தின் மேல் இருக்கும் ஸ்காட்லாந்தின் வெள்ளைப் பெருக்கல் குறிச் சிலுவையையும் ஒன்றாக வைத்தார்கள். சிவப்பு நேராக நீலத்தைத் தொடக் கூடாதே, அதனால் இங்கிலாந்துச் சிலுவையைச் சுற்றி வெள்ளைக் கரை. 1801இல் அயர்லாந்துக்காக இன்னொரு பெருக்கல் குறிச் சிலுவை, சிவப்பில். அதை வெள்ளையின் மேலேயே போட்டிருந்தால் ஸ்காட்லாந்து வெறும் கரையாகச் சுருங்கியிருக்கும். அதனால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். கம்பத்தை ஒட்டிய பாதியை உற்றுப் பாருங்கள், அங்கே அகலமான வெள்ளை மேலே இருக்கும், சிவப்பு கீழே. மறுபாதியில் சிவப்பு மேலே. கம்பத்தை ஒட்டிய மேல்பக்கம்தான் மரியாதையான இடம், அது மூத்த அரசான ஸ்காட்லாந்துக்கு, அடுத்த இடம் இளைய அரசான அயர்லாந்துக்கு. கொடியைத் தலைகீழாக ஏற்றினால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவது இந்த வெள்ளைப் பட்டையை வைத்துத்தான்.

மூன்று நாடுகளின் மானப் பிரச்சினையை ஒரு துணியில் வெறும் பட்டைகளை நகர்த்தியே தீர்த்திருக்கிறார்கள், அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். வேல்ஸ் மட்டும் அந்தத் துணியில் எங்கேயும் இல்லை. 1606க்கு முன்பே அதை இங்கிலாந்தோடு இணைத்துவிட்டார்கள், அதனால் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் யாரும் அதைச் சரிசெய்யாதது எனக்கு நியாயமாகப் படவில்லை.