பெஞ்சுக்குத்தான் என் ஓட்டு

நடுவர் அவர்களே, வணக்கம். நல்ல பயிற்சியாளராக வருவது நட்சத்திர வீரரா, சாதாரண வீரரா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததுமே ஐஸ் ஹாக்கியின் டோ பிளேக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆடும்போதும் பெரிய ஆள், மான்ட்ரியல் அணியின் பயிற்சியாளராக 13 சீசனில் 8 ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் சாம்பியன் கோப்பை. ஆனால் ஒரே பிளேக்கை வைத்து எவ்வளவு நேரம் வண்டி ஓட்டுவீர்கள்?

நான் கிளென் சாதரைச் சொல்கிறேன். என்.ஹெச்.எல்.லில் 658 ஆட்டம் ஆடி அடித்த கோல் எண்பதே எண்பது. வாடகை வீடு மாறுவதுபோல ஆறு அணி மாறினார். இந்த ஆட்டத்தில் ஒருவர் முக்கால் நிமிடம் போல ஓடிவிட்டு, களத்தின் ஓரப் பலகையைத் தாண்டி பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவர் கண்ணெதிரே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், சாதர் போன்றவர்களுக்கு அந்த உட்காரும் நேரம்தான் ரொம்ப அதிகம். 1974-75இல் மான்ட்ரியலில் அவர் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர் ஸ்காட்டி போமன். பயிற்சியாளராக 9 கோப்பை, ஆனால் என்.ஹெச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்! அவரையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

1976இல் எட்மண்டன் ஆயிலர்ஸுக்கு ஆட வந்த சாதரை, அந்த சீசன் முடிவதற்குள் பயிற்சியாளராக்கினார்கள், பிறகு பொது மேலாளரும் அவரே. அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில், 1979இல் மொத்தத்தில் 69வது ஆளாக இந்த அணிக்கு வந்தவர் க்ளென் ஆண்டர்சன், அடுத்த ஆண்டு அதே 69வது இடத்தில் யாரி கர்ரி. கண்டுபிடித்தது தேர்வாளர் பாரி ஃப்ரேசர், மறுக்கவில்லை. அந்தப் பையன்களைத் தைரியமாகக் களத்தில் இறக்கி வளர்த்தது யார்? 1984, 85, 87, 88 என நான்கு கோப்பை பயிற்சியாளராக, 1990இல் ஐந்தாவது மேலாளராக.

அவரிடம் ஆடிய வெய்ன் கிரெட்ஸ்கிக்கு 894 கோல். அவரே 2005இலிருந்து நான்கு சீசன் ஃபீனிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது 328 ஆட்டத்தில் 143 வெற்றி, கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளான பிளே ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கே வரும் என்று அவருக்குத் தானாகத் தெரியும், அதை அடுத்தவனுக்கு எப்படிச் சொல்வார்? மீனிடம் போய் யாராவது நீச்சல் கற்றுக்கொள்வார்களா?

"நியூயார்க் ரேஞ்சர்ஸில் 15 வருஷம் மேலாளராக இருந்தும் உங்கள் சாதர் கோப்பையே எடுக்கவில்லையே" என்று எதிரணி குறிப்பு எழுதுவது இங்கிருந்தே தெரிகிறது. உண்மைதான். முதல் நான்கு சீசனும் பிளே ஆஃப் கிடையாது. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? லிண்ட்ரோஸ், பூரே, யாகர் என்று பெரிய பெரிய நட்சத்திரங்களாகக் கொண்டுவந்து குவித்தார். அது உங்கள் கட்சிக் கொள்கை, தோழர்களே!