காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட இடத்தில் புண் வந்திருக்கா? பயப்படாமல் இதைப் பாருங்கள்

[திரையில்: ஒரு குழந்தையின் இடது மேற்கை, கிட்டத்தில்]

பிள்ளை பிறந்து ஒரு மாதம். இடக்கையில் தோளுக்குக் கொஞ்சம் கீழே சிவந்து ஒரு கட்டி, அதன் உச்சியில் சீழ். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த சனமெல்லாம் பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையைத்தான் பார்க்கும். ஒருவர் மஞ்சள் அரைக்கச் சொல்வார், இன்னொருவர் தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார், தாய்க்கு அழுகையே வந்துவிடும்.

தங்கச்சி, ஒன்றையும் பூச வேண்டாம். அந்தப் புண் வரத்தான் வேண்டும்!

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தாய்மாருக்காக இந்த வீடியோ. அம்மம்மாவையும் மூத்தம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் வீட்டில் மருந்து பூசச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

காசநோய் என்பது காற்றில் பரவும் கிருமி நோய். பெரியவர்களுக்கு அநேகமாக நுரையீரலில் வரும். கைக்குழந்தைக்கு வந்தால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் போகலாம், உடம்பெல்லாம் பரவலாம். பி.சி.ஜி. முக்கியமாக அந்த இரண்டையும் தடுக்கத்தான். இலங்கையில் 1949இல் இருந்து இருக்கிறது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள், ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்ட முன்னமே போட்டுவிடுவார்கள்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த கதை.

[திரையில்: வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டு]

இந்த மருந்து உருளைக்கிழங்கில் வளர்ந்தது! 1908இல் பிரான்சின் லில் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் கல்மெத், கெரன் என்று இரண்டு பேர். ஒருவர் டொக்டர், மற்றவர் மிருக வைத்தியர். மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். கிருமி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டதால், அதைப் பிரிக்க மாட்டுப் பித்தநீரைச் சேர்த்தார்கள். பார்த்தால், பித்தநீரில் வளர்ந்த கிருமியின் வீரியம் குறைந்துகொண்டே போகிறது. விடுவார்களா? மூன்று கிழமைக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். இடையில் முதலாம் உலகப் போர் வந்து, லில் நகரமே ஜேர்மன் படையின் கையில். உருளைக்கிழங்குக்கே தட்டுப்பாடு. அப்போதும் கைவிடவில்லை. 13 வருடம், சுமார் 230 தடவை மாற்றிய பிறகு, நோய் தர முடியாத, ஆனால் உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டக்கூடிய ஒரு கிருமி மிஞ்சியது. பி.சி.ஜி.யின் கடைசி இரண்டு எழுத்தும் இவர்கள் இருவரின் பெயர்தான்.

1921இல் பாரிசில் முதல் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். தாய் காசநோயால் இறந்துவிட்டாள். வளர்க்கப் போகும் அம்மம்மாவுக்கும் அதே நோய். அப்போது ஊசியில்லை, வாயால்தான் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் காசநோய் வரவில்லை. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

[திரையில்: கையில் மாற்றங்கள், கிழமை வாரியாக]

இப்போது உங்கள் பிள்ளையின் கைக்கு வருவோம். போடும் அளவு 0.05 மில்லிலீற்றர், அதுவும் தோலின் மேல் அடுக்குக்குள். போட்டவுடன் நுளம்பு கடித்தது போல ஒரு தடிப்பு எழும்பி, அரை மணித்தியாலத்தில் போய்விடும். இரண்டு, மூன்று கிழமையில் சிவந்த பரு. அப்புறம் அது உடைந்து நீர் கசியும், காயும், திரும்பவும் கசியும். இரண்டு, மூன்று மாதத்தில் ஆறி ஒரு வட்டத் தழும்பு. உடம்பு அந்தக் கிருமியோடு பழகுவதன் அடையாளம் இது.

நசுக்க வேண்டாம். பிளாஸ்டர், பவுடர், எண்ணெய், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். பிள்ளையைத் தாராளமாகக் குளிப்பாட்டுங்கள், துணியால் மெதுவாக ஒற்றுங்கள், அவ்வளவுதான். அக்குளில் நெறி பெரிதாகக் கட்டினால், அல்லது மூன்று மாதம் தாண்டியும் புண் ஆறாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டு வீடியோ பார்த்துவிட்டு, “எங்கட பிள்ளைக்குப் பிறந்தவுடன் போலியோ சொட்டு தரல்லையே” என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் அட்டவணை வேறு. இங்கே வழமையாகப் பிறந்தவுடன் பி.சி.ஜி. மட்டும், போலியோவும் ஐந்து நோய்க்கான பென்டாவலன்ட்டும் 2, 4, 6 மாதத்தில் வரும். கிளினிக் கொப்பியில் திகதி இருக்கும், மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊசி போட்டாச்சு என்று இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவரின் மடியில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. அவரை மார்பு நோய் கிளினிக்குக்குச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம், ஒழுங்காகக் குடித்தால் நோய் மாறும்.

இப்போதே பிள்ளையின் இடக்கைச் சட்டையை உயர்த்திப் பாருங்கள். ஆறு மாதம் கடந்தும் தழும்பு இல்லையென்றால் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். ஐந்து வயதுக்குள் இன்னொரு தடவை போடலாம்.